சுயபதிப்பு வளர்ந்தபின் பதிப்பகங்கள் தேவைப்படுமா?

புதிய தொழில்நுட்பமும் சுயபதிப்பும் புத்தகத் துறையை எப்படி மாற்றும், இனிப் பதிப்பகங்களுக்கு வேலை இருக்குமா என்று கேட்டிருக்கிறீர்கள். மெய்ப்புப் பார்ப்பதும் பக்க வடிவமைப்பும் என் தொழில் என்பதால், நான் அறிந்த தமிழ்ப் பதிப்புலகை வைத்தே பதில் சொல்கிறேன்.

மின்னூல் வந்தால் அச்சுநூல் அழிந்துவிடும் என்பதே பலரது பேச்சு. என் கணிப்பில், அதைவிடப் பெரிய மாற்றத்தைச் சத்தமில்லாமல் செய்திருப்பது தேவைக்கேற்ப அச்சிடும் முறைதான். ஆஃப்செட் அச்சில் பக்கங்களுக்கான உலோகத் தகடு (பிளேட்) செய்யும் செலவு 100 பிரதிக்கும் 1000 பிரதிக்கும் ஒன்றே என்பதால், ஒரு பதிப்பென்றால் 1000 அல்லது 1200 பிரதிகள் என்பது நெடுங்காலம் எழுதப்படாத விதியாக இருந்தது. விற்காத கட்டுகளோடு போட்ட முதலும் கிடங்கில் முடங்கியது. டிஜிட்டல் அச்சில் பிரதிக்கு ஆகும் செலவு கூடினாலும், 50 பிரதி அடித்து, விற்றபின் மறுபடி அடித்துக்கொள்ளலாம். நூலுக்கான தனி அடையாள எண்ணான ஐஎஸ்பிஎன்னையும் மத்திய அரசின் ராஜா ராம்மோகன் ராய் தேசிய முகமை கட்டணமின்றியே தருகிறது. ஆகவே, முதல் போட ஆள் வேண்டும் என்பதற்காகவே பதிப்பாளரைத் தேடிய நிலை பெரும்பாலும் போய்விட்டது.

மின்னூலின் பயன் வேறிடத்தில் இருக்கிறது. 2016 இறுதியில் அமேசானின் மின்னூல் தளமான கிண்டிலில் தமிழ் நூல்கள் வரத் தொடங்கின. அச்சில் வழக்கமாக நூல் விலையில் 10 விழுக்காடு பெறும் எழுத்தாளர் அங்கே 35 அல்லது 70 விழுக்காடு பெறலாம். இந்தியாவில் 70 வேண்டுமானால், அந்த மின்னூலை வேறெங்கும் வெளியிடுவதில்லை என்று 90 நாள் ஏற்பாட்டுக்கு உடன்பட வேண்டும். சந்தா கட்டிப் படிப்பவர்கள் வாசித்த பக்கங்களுக்கும் பணம் கிடைக்கிறது. குடும்ப நாவல் எழுதும் பெண்களுக்கு இது பெரிய விஷயம். வாடகை நூல் நிலையத்தில் ஒரே பிரதி நூறு கை மாறினாலும் எழுதியவருக்குக் கூடுதலாக ஒரு காசும் வந்ததில்லை.

ஆனால் செப்பனிடும் வேலையை எந்தச் செயலியும் முழுதாக எடுத்துக்கொள்ளவில்லை. 'ஔவையார்' என்பதில் 'ஔ' வரவேண்டிய இடத்தில் 'ஒ', 'ள' என இரண்டு எழுத்துகளைத் தட்டிவைக்கும் கோப்புகள் எனக்கு இன்றும் வருகின்றன. அச்சில் அது கண்ணுக்குத் தப்பிவிடும், மின்னூலில் தேடினாலோ ஔவையாரே கிடைக்கமாட்டார். சந்திப் பிழைகளைப் பற்றிப் பேசவே வேண்டாம்.

விற்பனையும் அப்படித்தான். அரசு நூலகங்கள் நூல் வாங்கும் நூலக ஆணைக்கு விண்ணப்பித்துக் காத்திருப்பதும், பதிப்பாளர், புத்தக விற்பனையாளர் சங்கமான பபாசி நடத்தும் சென்னைப் புத்தகக் காட்சியில் அரங்கு எடுப்பதும் ஒற்றை நூல் வைத்திருப்பவருக்குக் கட்டுப்படியாகாது. அவர் வேறொரு பதிப்பகத்தின் அரங்கில்தான் தம் நூலை வைக்க வேண்டியிருக்கிறது.

எனவே எழுத்தாளரிடமே பணம் வாங்கி, ஒரு வரிகூடப் படித்துப் பார்க்காமல் அச்சடித்துக் கொடுப்பவர்களுக்குத்தான் இனி வேலை இருக்காது என்று நினைக்கிறேன். தேர்ந்தெடுத்து, செப்பனிட்டு, கடைவரை கொண்டுசேர்க்கும் பதிப்பகங்கள் நிற்கும். அப்படிப்பட்ட ஒன்றிடம் நூலைக் கொடுப்பதாக இருந்தாலும், மின்னூல் உரிமையையும் ஒலிநூல் உரிமையையும் ஒப்பந்தத்தில் தனித்தனியாக எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.