கேள்வி பதில்: முதல் உலகப் போரில் கென்யா

முதல் உலகப் போர்க் காலத்தில் இன்றைய கென்யாவின் மக்கள் போர்முனையிலும் ஊரிலும் என்ன பாடுபட்டார்கள் என்று வாசகர்கள் பலர் கேட்டிருந்தார்கள். ஒரே பொருளில் வந்த கேள்விகளைச் சேர்த்துப் பதில் எழுதியிருக்கிறேன்.

கேள்வி: ஐரோப்பாவில் மூண்ட போருக்கும் கென்யாவுக்கும் என்ன தொடர்பு?

அன்று அதன் பெயர் பிரிட்டிஷ் கிழக்கு ஆப்பிரிக்கக் காப்பரசு. 1920-இல்தான் அது கென்யா என்ற பெயரில் குடியேற்ற நாடாயிற்று. தெற்கே ஜெர்மன் கிழக்கு ஆப்பிரிக்கா இருந்தது. மொம்பாசாவிலிருந்து விக்டோரியா ஏரி வரை சென்ற ரயில் பாதையின் ஒரு பகுதி எல்லைக்கு அருகிலேயே ஓடியதால் 1914 ஆகஸ்டிலேயே ஜெர்மானியர் எல்லையூரான தவேட்டாவைக் கைப்பற்றிவிட்டார்கள். அவர்களின் தளபதி பவுல் ஃபான் லெட்டோவ்-ஃபோர்பெக் வெற்றியை எதிர்பார்த்துப் போரிட்டவர் அல்லர். எவ்வளவு பிரிட்டிஷ் படையை ஆப்பிரிக்காவில் கட்டிப்போட முடியுமோ அவ்வளவும் ஐரோப்பாவில் தம் நாட்டுக்கு லாபம் என்று கணக்கிட்டவர். அதனால்தான் நான்கு ஆண்டுகள் சண்டையிட்டார், 1916 முதல் பின்வாங்கிக்கொண்டே. ஐரோப்பாவில் போர் ஓய்ந்து இரண்டு வாரம் கழித்து, 1918 நவம்பர் 25 அன்று, இன்றைய சாம்பியாவிலுள்ள அபர்கார்ன் என்னும் ஊரில்தான் அவர் சரணடைந்தார்.

கேள்வி (திருநெல்வேலியிலிருந்து ஒரு வாசகர்): எங்கள் பாளையங்கோட்டைப் பெயர் கொண்ட படை ஒன்று அங்கே போரிட்டதாகச் சொல்கிறார்களே, உண்மையா ஐயா?

உண்மைதான். சென்னை மாகாணத்தின் 63-ஆவது பாளையங்கோட்டை இலகு காலாட்படை, இந்தியாவிலிருந்து அனுப்பப்பட்ட ஏறத்தாழ 8,000 பேர் கொண்ட படையின் ஒரு பகுதியாக, 1914 நவம்பர் தொடக்கத்தில் ஜெர்மன் கிழக்கு ஆப்பிரிக்காவின் டாங்கா துறைமுகத்தில் இறக்கப்பட்டது. எதிரே இருந்த ஜெர்மன் படை ஏறத்தாழ ஆயிரம் பேர். ஆயினும் தாக்குதல் வரப்போவதைப் பிரிட்டிஷ் கடற்படையே முன்கூட்டி அறிவித்துவிட்டது. வேவு பார்க்கவும் இல்லை. வாரக்கணக்கில் கப்பலில் நெருக்கியடித்துக் கிடந்து களைத்த சிப்பாய்கள் பழக்கமில்லாத புதர்க்காட்டுக்குள் நேரே நடத்திச் செல்லப்பட்டார்கள். கலைந்த காட்டுத்தேனீக்களும் கொட்டித் தீர்த்தன. பாளையங்கோட்டைப் படை சிதறி ஓடியது என்ற பழி நூல்களில் இன்றும் தொடர்கிறது. திட்டமிட்ட தளபதிகளின் தவற்றைச் சிப்பாய்களின் தலையில் கட்டுவது நியாயமல்ல என்பதே என் கருத்து.

கேள்வி: இந்தப் போரில் துப்பாக்கி ஏந்தியவர்களைவிடச் சுமை தூக்கியவர்களே அதிகம் இறந்தார்கள் என்பது எப்படி?

இந்தப் போரைப் பற்றி ஒன்றே ஒன்றைத்தான் கேட்க முடியும் என்றால் இதைத்தான் கேட்க வேண்டும். அந்நிலத்தில் செட்ஸி ஈ குதிரைகளையும் மாடுகளையும் கொன்றது. ரயில் பாதைகள் மிகச் சில. மழைக்காலத்தில் லாரிகள் சேற்றில் புதைந்தன. ஆகவே அரிசி, மாவு, தோட்டா, மருந்து எல்லாம் மனிதரின் தலையில்தான் போக வேண்டியிருந்தது.

அதன் கணக்கைப் பாருங்கள். ஒருவர் ஏறத்தாழ 25 கிலோ சுமக்கிறார். அவரே நாளொன்றுக்கு ஒரு கிலோ உண்டாக வேண்டும். பத்து நாள் நடந்து போய், பத்து நாள் நடந்து திரும்பினால், போர்முனைக்கு மிஞ்சுவது 5 கிலோதான். படை முன்னேற முன்னேற, அதற்குச் சோறு போட இன்னும் ஆயிரக்கணக்கானோர் தேவைப்பட்டார்கள். எங்கே மிச்சம் பிடிப்பது என்று வந்தபோது அவர்களுடைய உணவிலேயே கைவைத்தார்கள்.

கொடுக்கப்பட்ட உணவும் பெரும்பாலும் மக்காச்சோள மாவு. மலைநாட்டிலிருந்து வந்த பலர் அதுவரை தினை, பயறு, கிழங்கு, வாழைக்காய் உண்டு வளர்ந்தவர்கள். உமியோடு கொரகொரவென்று அரைத்த மாவை நெடுநேரம் வேகவைக்க வேண்டும். நாள் முழுதும் சுமந்து நடந்தவருக்கு இருட்டில், மழையில், ஈர விறகில் அது எப்படி முடியும்? அரைவேக்காடாக உண்டதில் குடல் புண்ணாகி வயிற்றுக்கடுப்பு கண்டது. 1917 தொடக்கத்தில் ருஃபிஜி ஆற்றுப் படுகை வெள்ளக்காடானபோது மலேரியாவும் வயிற்றுக்கடுப்பும் சளிக்காய்ச்சலும் சேர்ந்து அவர்களைக் கூட்டங்கூட்டமாகக் கொன்றன. பிரிட்டிஷ் தரப்பில் இறந்த சுமையாள்கள், குறைத்துச் சொல்லும் கணக்கிலேயே ஏறத்தாழ 95,000 பேர். அவர்களில் 40,000-க்கும் மேற்பட்டோர் கென்யாவைச் சேர்ந்தவர்கள். குண்டடிபட்டு இறந்தவர்கள் இவர்களில் மிகச் சிலரே.

கேள்வி: அவர்கள் விரும்பிச் சேர்ந்தார்களா?

தொடக்கத்தில் கூலிக்காகச் சிலர் சேர்ந்தார்கள். 1915-இல் கட்டாயமாக ஆள் பிடிக்கச் சட்டம் வந்தது. கூலியும் மாதம் 5 ரூபாய் அளவுக்குக் குறைக்கப்பட்டது. (ஆம், அன்று அங்கே புழங்கியது நம் இந்திய ரூபாய்தான்.) கூலியை உயர்த்தினால் தங்கள் தோட்டக்கூலியும் உயருமே என்பது வெள்ளைக் குடியேறிகளின் கவலை. 1917-இல் ஜான் எயின்ஸ்வொர்த் என்னும் பிரிட்டிஷ் அதிகாரியின் தலைமையில் நடந்த பெருந்திரட்டலில், ஊர்த்தலைவர்களுக்கு இத்தனை பேர் என்று எண்ணிக்கை விதித்து இளைஞர்களை வாரிக்கொண்டு போனார்கள்.

எதிர்ப்பும் இருந்தது. கடற்கரையோர கிரியாமா மக்கள் வேலைக்கு ஆள் அனுப்ப மறுத்தார்கள். அவர்களைத் திரட்டியவர் மேகதிலிலி என்னும் பெண்மணி. 1914 ஆகஸ்டில் பிரிட்டிஷார் அவர்களுடைய புனிதத் தலமான காயா ஃபுங்கோவை வெடி வைத்துத் தகர்த்தார்கள். பலர் சத்தமின்றி ஊரைவிட்டு நழுவினார்கள். பின்னாளில் நாட்டின் முதல் குடியரசுத் தலைவரான ஜோமோ கென்யாட்டாவும் அப்படித்தான் நரோக் பகுதியில் மாசாய் உறவினரிடம் போய்த் தங்கினார்.

கேள்வி: ஊரில் இருந்தவர்களின் நிலை?

இளைஞர் இல்லாத நிலத்தில் பெண்கள் உழைத்தார்கள். அதற்கிடையே 1916-இல் குடிசை வரி 3 ரூபாயிலிருந்து 5 ரூபாயாக ஏறியது. 1918-இல் மழை பொய்த்துப் பஞ்சம் வந்தது, கூடவே ‘ஸ்பானிஷ் ஃபுளூ’ என்னும் விஷக்காய்ச்சலும் வந்தது. மறுபுறம் வெள்ளைக் குடியேறிகளுக்கு இதே போர் நல்ல காலமாயிற்று: 1915-இன் நிலச்சட்டம் அவர்களுக்கு 999 ஆண்டுக் குத்தகை தந்தது, 1919-இல் வெள்ளையரான முன்னாள் படையினரை மேட்டுநிலங்களில் குடியமர்த்தும் திட்டம் வந்தது, அதற்காக நாண்டி மக்களின் நிலமும் பறிபோயிற்று. சுமை தூக்கித் திரும்பியவருக்குக் கிடைத்தது ‘கிபாண்டே’ என்னும் கைரேகைச் சீட்டு. அதை உலோகக் கூட்டிலிட்டுக் கழுத்தில் தொங்கவிட்டுத் திரிய வேண்டும். இதை எதிர்த்துப் பேசிய ஹாரி துக்குவை 1922 மார்ச்சில் கைது செய்தபோது, நைரோபியில் திரண்ட கூட்டத்தின்மீது துப்பாக்கிச் சூடு நடந்தது. இருபது பேருக்கு மேல் இறந்தனர்.

கேள்வி: இரண்டாம் உலகப் போரிலும் இதே கதையா?

அது தனியே எழுத வேண்டியது. எத்தியோப்பியாவிலும் பர்மாவிலும் கென்யர்கள் போரிட்டார்கள். பர்மாவிலிருந்து திரும்பிய வருஹியு இடோட்டே பின்னர் ‘ஜெனரல் சைனா’ என்ற பெயரில், பிரிட்டிஷ் ஆட்சியை எதிர்த்த மாவ் மாவ் இயக்கத்தின் போராளியானார்.

கேள்வி: இறந்த சுமையாள்களின் குடும்பத்துக்கு ஏதாவது கிடைத்ததா? நினைவுச் சின்னம் உண்டா?

நைரோபியின் கென்யாட்டா அவென்யூவில் 1928-இல் வைத்த மூன்று வெண்கலச் சிலைகளில் ஒன்று சுமையாளுடையது. நாட்டுக்காகப் போரிட்டு நீ இறந்தாலும் உன் பிள்ளைகள் உன் பெயரை நினைவில் வைத்திருப்பார்கள் என்ற பொருளில் கீழே எழுதியிருக்கிறது. பெயர் ஒன்றுகூட அதில் இல்லை. காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையம் 2021-இல் ஓர் அறிக்கை வெளியிட்டு மன்னிப்புக் கேட்டது. பெயரோ நினைவிடமோ இன்றி விடப்பட்டவர்கள் குறைந்தது 1,16,000 பேர் என்றும், அவர்களில் பெரும்பாலோர் ஆப்பிரிக்கர், மத்தியக் கிழக்கினர் என்றும் அது ஒப்புக்கொண்டது.

பணத்தைப் பொறுத்தவரை, உரியவர் வந்து வாங்காத கூலி என்று பெருந்தொகை அரசின் கையில் நின்றது. அதை அம்மக்களின் நலனுக்காவது செலவிட வேண்டும் என்று சுமைப்படையை நடத்திய ஆஸ்கர் வாட்கின்ஸ் போன்ற அதிகாரிகளே மன்றாடினார்கள். லண்டன் அரசு அதைக் கொடுக்கவில்லை.