திட ராக்கெட் உந்துபொருளில் ஏற்கெனவே சேதம் இருந்தால் விரிசல் வேகமாக வளருமா?

பொருள்களில் விரிசல் எப்படி வளர்கிறது என்று பார்க்கும் முறிவு இயக்கவியல் படிக்கும் மாணவர் என்று நினைத்துக்கொண்டு பதில் சொல்கிறேன். "சேதம் என்றால் பலவீனம், விரிசல் வேகமாக ஓடும்" என்று ஒரே வரியில் முடித்துவிடுகிறார்கள். பல வருடம் ஆய்வகத்தில் இந்த உந்துபொருளில் வெட்டிய சோதனைப் பட்டைகளை இழுத்துப் பார்த்தவனால் அதை ஒப்புக்கொள்ள முடியவில்லை.

இந்தப் பொருளின் எடையில் ஏறக்குறைய 85 சதவீதம் அம்மோனியம் பெர்குளோரேட் (எரிய ஆக்சிஜன் தரும் உப்பு) துகளும் எரிபொருளான அலுமினியத் தூளும்தான். மிச்சம், அவற்றைப் பிடித்துவைத்திருக்கும் ரப்பர். இழுத்தால் பெரிய துகள்களை விட்டு ரப்பர் கழன்றுகொள்கிறது, நுண்குழிகள் திறக்கின்றன, கன அளவு கூடுகிறது. சேதம் என்பது பெரும்பாலும் இதுதான்.

ஓரத்தில் பிளேடால் கீறிய பட்டையை மெதுவாக இழுத்து நுண்ணோக்கியில் பாருங்கள். விரிசல் உடனே ஓடாது. வாய் பிளந்து, முனை மழுங்கி நிற்கும். அதற்கு முன்னால் குழிகள் திறக்கும், இடையில் ரப்பர் இழைகள் நூல் நூலாக நீளும். அவை அறுந்து குழிகள் ஒன்றுசேர்ந்ததும் விரிசல் ஒரு எட்டு தாவும், மறுபடி மழுங்கும். ஆக, முனையில் உண்டாகும் சேதம் முதலில் தடை, அப்புறம்தான் வழி.

பட்டை முழுவதையும் முன்பே இழுத்துத் தளரவிட்டிருந்தால் கதை வேறு. பொருள் இளகிவிட்டதால் அதே நீட்சிக்குத் தகைவு, அதாவது பரப்பளவுக்கு இவ்வளவு என்று உள்ளே வரும் விசை, குறைவாகவே ஏறும். ஆனால் தாங்க வேண்டிய பிடிப்பும் ஏற்கெனவே பாதி போய்விட்டது. எது ஜெயிக்கும் என்பது சுமை வரும் விதத்தைப் பொறுத்தது. வார்த்த உந்துபொருள் ஆறும்போது சுருங்கப் பார்க்கும், ஒட்டியிருக்கும் உறை விடாது; அதனால் சுமை குறிப்பிட்ட அளவு நீட்சியாக வருகிறது, அங்கே இளக்கம் கொஞ்சம் உதவும். கடுங்குளிரில் பற்றவைக்கும்போது அழுத்தம் சட்டென்று ஏறும், ரப்பர் நீண்டு விரிசல் முனை மழுங்க நேரமே இருக்காது. விரிசலுக்குள் தீ புகுந்தால் எரியும் பரப்பு கூடி, அழுத்தம் எகிறி, ராக்கெட்டின் உறையே வெடிக்கலாம்.

விரிசல் முனையில் தகைவு எவ்வளவு குவிகிறது என்று சொல்லும் தகைவுச் செறிவுக் காரணியின் அடுக்காக (power) விரிசல் வேகத்தை எழுதும் சூத்திரம் போதாதா என்று யாராவது வருவார்கள். நானும் அதைத்தான் பயன்படுத்துகிறேன். புதுப் பட்டையில் எடுத்த மாறிலிகளை இழுபட்ட பட்டைக்கு அப்படியே போடக் கூடாது, அவ்வளவுதான்.

கேள்விக்குச் சம்பந்தமில்லைதான், இருந்தாலும் சொல்கிறேன். ஈரப்பதம் துகள்-ரப்பர் பிடிப்பைக் கெடுக்கும். அதனால் பட்டை எத்தனை நாள் உலர்பெட்டியில் இருந்தது, முன்பு எவ்வளவு இழுபட்டது என்று ஒருவர் உட்கார்ந்து குறித்துவைக்கிறார். கட்டுரையின் நன்றி வரியில்கூட அவர் பெயர் வருவதில்லை. உங்கள் ஆய்வேட்டிலாவது போடுங்கள்.