உளுந்து வேரில் முடிச்சு இருந்தும் இலை வெளுப்பது ஏன்?

கேள்வி: மானாவாரிச் செம்மண்ணில் உளுந்து விதைத்து 30 நாள் ஆகிறது. அடி இலைகள் வெளுத்து மஞ்சளாகின்றன. பிடுங்கிப் பார்த்தால் வேரில் முடிச்சு நிறைய இருக்கிறது. மண் பரிசோதனையில் கார அமில நிலை 5.2. கடையில் இரும்பு சல்பேட் தெளிக்கச் சொல்கிறார்கள். தெளிக்கலாமா?

பதில்: வேண்டாம் ஐயா. இரும்புக் குறை என்றால் முதலில் கொழுந்து இலை வெளுக்கும், நரம்பு மட்டும் பச்சையாக நிற்கும். அடி இலை மஞ்சளாவது தழைச்சத்துக் (நைட்ரஜன்) குறை. நாலைந்து முடிச்சுகளை நகத்தால் கிள்ளிப் பாருங்கள். உள்ளே இளஞ்சிவப்பாக இருந்தால் காற்றிலுள்ள தழைச்சத்தைப் பிடிக்கும் வேலை நடக்கிறது. வெள்ளையாக இருந்தால் முடிச்சு இருந்தும் பயனில்லை.

அந்தச் சிவப்பு லெக்ஹீமோகுளோபின் என்ற புரதம். அதில் இரும்பு ஒரு தட்டையான வளையத்தின் நடுவே உட்கார்ந்து, ஆக்சிஜனைப் பிடித்துப் பிடித்து விடுகிறது. காற்றிலுள்ள தழைச்சத்தை அம்மோனியாவாக்கும் நைட்ரோஜினேஸ் நொதியிலும் இரும்புதான், ஆனால் அமைப்பே வேறு. 7 இரும்பு, 9 கந்தகம், நடுவில் ஒரு கார்பன், ஓரத்தில் மாலிப்டினம் என்ற உலோகம் ஒன்றே ஒன்று சேர்ந்த கொத்து அது. நைட்ரஜனின் இறுகிய பிணைப்பை அறுப்பது இந்தக் கொத்துதான். ஆக்சிஜன் பட்டால் நொதி கெட்டுவிடும். அதனால்தான் காவலுக்கு அந்தச் சிவப்பு வேண்டியிருக்கிறது. எங்கே, எதோடு சேர்ந்து உட்கார்ந்திருக்கிறது என்பதைப் பொறுத்து ஒரே இரும்பு இரண்டு வேலை பார்ப்பது எனக்கு இன்றும் வியப்புதான்.

உங்கள் நிலத்தில் இரும்புக்குப் பஞ்சமிருக்காது. சந்தேகம் மாலிப்டினத்தின் மேல்தான். கார அமில நிலை 5.2 என்றால் அமில மண். அமில மண்ணில், செம்மண்ணுக்குச் சிவப்பைத் தரும் இரும்பு ஆக்சைடுகளே மாலிப்டினத்தை இறுக்கிப் பிடித்துக்கொள்ளும், வேருக்குக் கிடைக்காது.

இப்போதைக்கு சோடியம் மாலிப்டேட்டை லிட்டர் தண்ணீருக்கு அரை கிராம் கலந்து ஒருமுறை தெளியுங்கள். அளவு கூட வேண்டாம். மாலிப்டினம் மிகுந்த பொட்டு, கொடியைத் தின்னும் மாட்டுக்குத் தாமிரக் குறை வரும். அப்புறம் பூக்கும்போது ஒருமுறை, 15 நாள் கழித்து மறுமுறை 2 சதவீத டிஏபி (தழைச்சத்தும் மணிச்சத்தும் உள்ள உரம்) கரைசல் தெளியுங்கள்.

அடுத்த பட்டத்துக்கு, விதைப்பதற்கு இரண்டு மூன்று வாரம் முன்பே சுண்ணாம்பு போட்டு உழுதுவிடுங்கள். எவ்வளவு என்பதை மண் பரிசோதனை நிலையத்தில் கேட்டுக்கொள்ளுங்கள். மண்ணில் ஏற்கெனவே உள்ள வீரியமில்லாத ரைசோபியமும் (வேரில் முடிச்சு உண்டாக்கும் பாக்டீரியா) வெள்ளை முடிச்சு போடும். ஆகவே உளுந்துக்கான ரைசோபியத்தை ஆறிய அரிசிக் கஞ்சியில் கலந்து விதை நேர்த்தி செய்து, நிழலில் உலர்த்தி விதையுங்கள்.