சட்டைப்பைக்குள் ஒரு கண் கையேடு

கேள்வி: கோத்தகிரிக்கு அருகிலுள்ள ஓர் ஆரம்ப சுகாதார நிலையத்தில் மருத்துவ அலுவலராகப் பணிபுரிகிறேன். எங்களிடம் கண் மருத்துவர் இல்லை. கண்ணின் முன்பகுதியைப் பெரிதாக்கிக் காட்டும் ஸ்லிட் லேம்ப் கருவியும் இல்லை. கண் நோய்களை அடையாளம் கண்டு முதற்கட்டச் சிகிச்சை அளிக்கச் சிறிய கையேடு ஒன்று வாங்க எண்ணுகிறேன். வண்ணப் படங்கள் நிறைந்ததை வாங்குவதா, மருந்தளவு அட்டவணைகள் உள்ளதையா? செல்பேசியே போதுமா?
– மருத்துவர் ஒருவர், கோத்தகிரி

பதில்: கடைசிக் கேள்வியை முதலில் முடித்துவிடுகிறேன். ஒரு கொண்டை ஊசி வளைவில் கிடைக்கும் சிக்னல் அடுத்த வளைவில் கிடைப்பதில்லை என்பது உங்களுக்கே தெரியும். ஆகவே அச்சுப் புத்தகமே வாங்குங்கள்.

வாங்குமுன் அதன் அமைப்பைப் பாருங்கள். இமை, கருவிழி, விழித்திரை என உறுப்பு வாரியாகப் பிரித்த நூல் தேர்வுக்குப் படிப்பவருக்கு நல்லது. உங்களிடம் வருபவரோ "கண் சிவந்து வலிக்கிறது, வாந்தியும் வருகிறது" என்றுதான் சொல்வார். அங்கிருந்து தொடங்கிக் கண் அழுத்த நோய்க்குக் கொண்டுபோய்ச் சேர்க்கும் நூலே உங்களுக்கு உதவும். பலரும் பரிந்துரைக்கும் 'வில்ஸ் ஐ மேனுவல்' தன் முதல் அத்தியாயத்தை அறிகுறிகளுக்கே ஒதுக்கியிருப்பது இந்தக் காரணத்தால் எனக்குப் பிடிக்கும். ஆனால் ஸ்லிட் லேம்ப்பும் கண் அழுத்தமானியும் கையருகே இருப்பதாகவே அது பேசுகிறது, கோட்டின் பெரிய பையில்தான் அடங்கும்.

அடுத்து, எந்த நூலானாலும் கடையில் நின்றபடியே 'ஹைஃபீமா' பக்கத்தைத் திறந்து பாருங்கள். விறகு பிளக்கையில் சிராய் தெறித்து அடிபட்டவரின் கருவிழிக்குப் பின்னால் இரத்தம் மட்டம் கட்டி நிற்குமே, அதுதான். அங்கே சிக்கிள் செல் நோய்க்கான, அதாவது சிவப்பணுக்கள் அரிவாள் வடிவில் வளைந்துபோகும் பரம்பரை நோய்க்கான, இரத்தப் பரிசோதனை பற்றி ஒரு வரியாவது இல்லையென்றால் நூலை மூடி வைத்துவிடலாம். இந்தியாவில் அந்த இரத்தக் குறைபாட்டை லேமன், கட்புஷ் என்னும் ஆய்வாளர்கள் 1952-இல் முதன்முதலில் பதிவு செய்தது நீலகிரிப் பழங்குடியினரிடையேதான். அந்த நோயுள்ளவரின் விறைத்த சிவப்பணுக்கள் கண்ணின் வடிகாலை அடைத்துக்கொள்வதால் அழுத்தம் ஏறும். பிறர் தாங்கிக்கொள்ளும் அளவு அழுத்தமே அவருடைய பார்வை நரம்பைக் கெடுத்துவிடும். அழுத்தத்தைக் குறைக்க வழக்கமாகக் கை நீளும் அசிட்டசோலமைடு மாத்திரையோ அணுக்கள் அரிவாளாக வளைவதை மேலும் தூண்டக்கூடியது. இந்த எச்சரிக்கை உங்கள் ஊருக்கு அடிக்குறிப்பு அன்று, அன்றாடத் தேவை.

இரண்டாவது சோதனை, தேயிலைக் கவாத்தின்போது குச்சி கீறிய கண். குளிர்நாட்டு நூல்கள் கருவிழிப் புண் என்றதும் கான்டாக்ட் லென்ஸையும் பாக்டீரியாவையுமே விரிவாகப் பேசும். நம் பக்கத்திலோ செடி கொடி கீறிய புண்ணில் பூஞ்சையை முதலில் சந்தேகிக்க வேண்டும். ஸ்டீராய்டு கலந்த சொட்டு மருந்தை அங்கே விடக்கூடாது என்பதையும், பூஞ்சையை ஒழிக்கும் நேட்டமைசின் 5 சதவீதச் சொட்டு மருந்தையும் நூல் அழுத்திச் சொல்கிறதா என்று பாருங்கள். தோட்டத்து மருந்துக்குக் கரைத்த சுண்ணாம்பு கண்ணில் தெறித்தால், பார்வையளவு எடுப்பதற்கும் முன்பே டிரிப் குழாய் வழியாக ரிங்கர் லாக்டேட் என்னும் உப்புக் கரைசலை ஊற்றிக் கழுவத் தொடங்கச் சொல்லும் நூல் நம்பத்தக்கது.

படங்களைப் பொறுத்தவரை, தபால்தலை அளவில் அச்சிட்ட விழித்திரைப் படங்களால் பயனில்லை. மருந்தளவு அட்டவணை இருந்தால் நல்லது, ஆனால் உங்கள் மருந்தகத்தில் இருப்பு உள்ளவற்றை நீங்களே பின்னட்டையின் உட்புறம் எழுதிக்கொள்வது அதைவிடப் பயன் தரும். அதற்குக் கீழே, நோயாளியை அனுப்பவேண்டிய கண் மருத்துவரின் தொலைபேசி எண்ணையும் உதகைக்குப் போகும் கடைசிப் பேருந்தின் நேரத்தையும் பென்சிலால் குறித்து வையுங்கள், இரண்டும் மாறக்கூடியவை.