மேலூர்ப் பக்கத்துக் கண்மாயைச் சீரமைக்க ஐந்து நண்பர்கள் தொண்டு நிறுவனம் தொடங்கலாமா?

தொடங்கலாம், ஆனால் சங்கமாகப் பதிய முடியாது. 1975-ஆம் ஆண்டுத் தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம் குறைந்தது 7 பேரைக் கேட்கிறது. எண்ணிக்கைக்காக மைத்துனரையும் சித்தப்பாவையும் சேர்க்காதீர்கள். முதல் பொதுக்குழுவிலேயே குடும்பச் சண்டை வந்துவிடும். ஐவருக்கு அறக்கட்டளை போதும். ஆவணத்தைச் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதியலாம். நோக்கத்தைக் கண்மாயோடு நிறுத்தாமல் வரத்துக்கால், ஊருணி, மரம் நடுதல் என்று விரித்தே எழுதுங்கள். பின்னால் திருத்துவது பெரும்பாடு.

அதற்கும் முன், கண்மாய் யாருடையது என்று பாருங்கள். பாசனப்பரப்பு 100 ஏக்கருக்கு மேல் என்றால் பொதுவாக நீர்வளத்துறை. குறைந்தால் ஊராட்சி ஒன்றியம். அனுமதி இல்லாமல் ஒரு சீமைக்கருவேலத்தைக்கூட வெட்டாதீர்கள்.

நாங்கள் தொடங்கியபோது மண் அள்ளும் இயந்திர வாடகை ரசீதுகளை மஞ்சள் பையில் போட்டு ஆணியில் மாட்டியிருந்தோம். ஆண்டு முடிவில் எழுத்து மங்கிப் பாதி வெறும் தாளாக இருந்தது. தணிக்கையாளர் சிரிக்கக்கூட இல்லை. அன்றன்றைக்கே நோட்டில் எழுதிவிடுங்கள். வங்கிக் கணக்கில் இருவர் கையெழுத்து இருக்கட்டும்.

வெளிநாட்டு நன்கொடை இப்போதைக்கு வேண்டாம். அதைப் பெறத் தனிப் பதிவு வேண்டும்; அதற்குப் பொதுவாக மூன்றாண்டுச் செயல்பாடு தேவை. மதுரையில் அரவிந்த் கண் மருத்துவமனையே 1976-இல் 11 படுக்கைகளோடுதான் தொடங்கியது. நீங்கள் ஒரு மடையிலிருந்து தொடங்குங்கள்.