ஈயத் தகடுகள் – கடிதம்

அன்புள்ள ஐயா,

ஓசூரில் ஒரு தொழிற்சாலையில் வேலை பார்க்கிறேன். இரண்டு வருடமாக சீசனில் பெங்களூர் ரேஸுக்குப் போய் வருகிறேன். என்னைச் சூதாடி என்று நினைத்துவிட வேண்டாம். ஒவ்வொரு குதிரையின் ரேட்டிங், எடை, கடைசி ஆறு ஓட்டங்கள், ஜாக்கி எல்லாவற்றையும் எக்செல்லில் ஏற்றி வைத்திருக்கிறேன். மூன்றில் ஒரு ரேஸை ஃபேவரிட்தான், அதாவது அதிகப் பணம் விழும் குதிரைதான் ஜெயிக்கிறது. ஆகவே ஃபேவரிட் மேல் கட்டி, தோற்றால் அடுத்ததில் இரட்டிப்பாகக் கட்டினால் விட்டதைப் பிடித்துவிடலாம் என்பது என் கணக்கு. இதற்கு நல்ல குதிரைக்குக் கூடுதல் எடை ஏற்றிச் சமப்படுத்தும் ஹேண்டிகேப் ரேஸ் நல்லதா, ஏறக்குறைய ஒரே எடையில் ஓடும் டெர்ம்ஸ் ரேஸ் நல்லதா? இது திறமை விளையாட்டு என்று உச்ச நீதிமன்றமே சொல்லியிருக்கிறது.

ஆர்.

அன்புள்ள ஆர்.,

2024 செப்டம்பரில் சென்னை கிண்டி ரேஸ் மைதானத்துக்கு அரசு சீல் வைத்த செய்தியைப் படித்ததிலிருந்து என் தாய்மாமா அடிக்கடி நினைவில் வருகிறார். அந்த நேரம் பார்த்து உங்கள் கடிதம்.

தீர்ப்பை விடுங்கள். ரேஸை ஒழிக்க 1974இல் தமிழக அரசு போட்ட சட்டத்தைப் பற்றிய வழக்கு அது. 1996இல் நீதிபதிகள் குதிரைப் பந்தயத்தில் திறமைக்கு இடமுண்டு என்றார்கள். அந்தத் திறமை ஓசூர் ஆர். அவர்களிடம் இருக்கிறது என்று தீர்ப்பில் எங்கும் இல்லை.

இரட்டிப்பு விஷயத்துக்கு உங்களைக் கொஞ்சம் திட்டத்தான் வேண்டும். எக்செல் தெரிந்தவர் இதைக்கூடவா போட்டுப் பார்க்கவில்லை? நூறு ரூபாயில் தொடங்கி வரிசையாகப் பத்து முறை தோற்றால் போனது 1,02,300 ரூபாய். பதினோராவது முறை கட்ட வேண்டியது இன்னொரு 1,02,400. மூன்றில் ஒன்று ஜெயிக்கும் ஃபேவரிட்டை வைத்து ஐந்நூறு ரேஸ் ஆடினால், அப்படி ஒரு பத்துத் தோல்வி வராமல் இருந்தால்தான் ஆச்சரியம். சரி, பதினோராவதில் ஜெயித்தே விட்டீர்கள் என்று வைத்துக்கொள்வோம். போட்டதற்குச் சமமாகக்கூட லாபம் தராத ஃபேவரிட் என்றால் விட்டது திரும்பாது. போதாததற்கு, எல்லோர் பணத்தையும் ஒன்றாகச் சேர்த்து ஜெயித்தவர்களுக்குப் பிரிக்கும் டோட்டில் நீங்கள் கொட்டும் பணமே உங்களுக்குக் கிடைக்கும் பங்கான டிவிடெண்டைக் குறைக்கும். சம்பளக்காரர் செய்கிற காரியமா இது?

மாமாவுக்கு வருவோம். ரயில்வே குமாஸ்தா. முந்தின நாள் இரவே ரேஸ் புத்தகம் வாங்கிவிடுவார். சிவப்புப் பென்சிலால் கோடு போட்டபடி விடிய விடிய உட்கார்ந்திருப்பார். நான் கல்லூரியில் படிக்கும்போது ஒருமுறை என்னையும் கிண்டிக்கு அழைத்துப் போனார். ஜாக்கி சேணத்தோடு எடைத்தட்டில் ஏறுவதையும், குறிக்கப்பட்ட எடைக்குக் குறைந்தால் ஈயத் தகடு சேர்ப்பதையும் அன்றுதான் பார்த்தேன். "நல்லா ஓடினதுக்குத் தண்டனைடா இது" என்றார் மாமா.

ஹேண்டிகேப்பின் சூட்சுமம் மொத்தமும் அந்தத் தகட்டில் இருக்கிறது. எல்லாக் குதிரையும் ஒரே நேரத்தில் கோட்டைத் தொட வேண்டும் என்பதுதான் எடையை நிர்ணயிக்கும் ஹேண்டிகேப்பரின் கனவு. ஆஸ்திரேலியாவின் ஃபார் லாப் 1930 மெல்போர்ன் கோப்பையை அறுபத்திரண்டரை கிலோ சுமந்து ஜெயித்தது. மறு வருடம் அறுபத்தெட்டு கிலோ ஏற்றினார்கள். எட்டாவதாக வந்தது. உங்கள் எக்செல்லில் இருக்கும் 'கடைசி ஆறு ஓட்டங்கள்' இருக்கிறதே, அதை உங்களுக்கு முன்பே ஒருவர் சம்பளம் வாங்கிக்கொண்டு படித்து, கிலோவாக மாற்றிக் குதிரையின் முதுகில் வைத்துவிட்டார்.

அவர் ஏதாவது விட்டுவைத்திருந்தால் அதைப் பணம் கட்டும் ஜன்னல் வரிசையில் உங்களுக்கு முன்னால் நிற்கிறவர்கள் விலையாக்கிவிடுவார்கள். விலை என்றால் ஜெயித்தால் கிடைக்கும் தொகை; அந்தக் குதிரை மேல் பணம் குவியக் குவிய அது குறையும். இதை மாமாவுக்குப் புரியவைக்க என்னால் முடியவில்லை. உங்களிடமாவது சொல்கிறேன். டோட்டில் நீங்கள் மோதுவது குதிரையோடு அல்ல, பக்கத்தில் நிற்கிற மனிதனோடு. எல்லோர் பணமும் ஒரே உண்டியலில் விழுகிறது. முதலில் பந்தயம் நடத்துகிறவர்களுக்கும் வரிக்குமான கழிவு போகிறது. மிச்சத்தை ஜெயித்தவர்கள் பங்கு போட்டுக்கொள்கிறார்கள். ஆகவே 'எது ஜெயிக்கும்' என்று கேட்டுப் பயனில்லை. ஐந்தில் ஒருமுறை ஜெயிக்கக்கூடிய குதிரையைக் கூட்டம் பத்தில் ஒருமுறை ஜெயிப்பதாக நினைத்து விலை போட்டிருக்கிறதா? அதுதான் கேள்வி. அப்படி அகப்படவில்லையென்றால் அன்று கட்டாமல் வீட்டுக்கு வர வேண்டும். மாமா ஒருநாளும் கட்டாமல் வந்ததில்லை.

ஹாங்காங்கில் பில் பென்டர் என்கிற அமெரிக்கர் கம்ப்யூட்டர் வைத்துக் கோடிகோடியாகச் சம்பாதித்தார். அவர் தன் கணக்கை மட்டும் நம்பவில்லை. கூட்டம் போட்ட விலையையும் அதில் கலந்தார். அங்கே கழிவு சுமார் ஆறில் ஒரு பங்கு. அதைத் தாண்டவே அவருக்குக் கம்ப்யூட்டரும் ஆட்களும் வருடக்கணக்கான தரவும் வேண்டியிருந்தது. உங்களுக்கோ, 2025 செப்டம்பர் 22 முதல் பந்தயப் பணத்தின் மேல் ஜிஎஸ்டி மட்டுமே நாற்பது சதவீதம்.

மாமா இறந்த பிறகு அவருடைய நோட்டுப் புத்தகம் என்னிடம் வந்தது. குதிரையின் பெயர், எடை, தரையின் ஈரம், கிடைத்த தொகை, எல்லாம் முத்து முத்தான கையெழுத்தில். பக்கத்துக்குப் பக்கம் ஜெயம். படித்தால் மனிதர் கோடீஸ்வரர் என்றே தோன்றும். மாமியின் வீட்டுக் கணக்கு நோட்டு பல வருடம் கழித்துத்தான் கிடைத்தது. பால், மண்ணெண்ணெய், பிள்ளைகளின் பள்ளிக்கூடச் சம்பளம், இவற்றுக்கு நடுவே சனிக்கிழமைதோறும் ஒரு வரி: 'அவருக்கு – 50.' சில வாரம் 'அவருக்கு – 100.' ஓரிடத்தில் 'வளையல்' என்று மட்டும் இருக்கிறது. தொகை எழுதவில்லை. மாமி என்னிடம் இதைப் பற்றி ஒரு வார்த்தை பேசியதில்லை. நானும் கேட்டதில்லை.

நீங்கள் கேட்டதை மறந்தே போனேன். டெர்ம்ஸ் ரேஸில் குதிரைகள் ஏறக்குறைய ஒரே எடையில் ஓடுவதால் நல்ல குதிரை ஜெயிக்க வாய்ப்பு கூடுதல். அது எல்லோருக்கும் தெரியும் என்பதால் விலையும் கிடைக்காது. ஹேண்டிகேப்பில் விலை கிடைக்கும், குதிரை கிடைக்காது.

இந்த சீசனில் ஒரு ரூபாய்கூடக் கட்டாமல், கட்டியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதை மட்டும் எழுதி வாருங்கள். ரேஸ் தொடங்குவதற்கு முன்பே எழுத வேண்டும். தோற்றதையும் எழுத வேண்டும். உங்கள் வீட்டில் கணக்கு எழுதுபவர் யாரோ, அவர் கையெழுத்தில் இருந்தால் இன்னும் நல்லது. அனுப்புங்கள், பார்க்கிறேன்.