வெள்ளிக்கிழமை சாயங்கால பஸ்

வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: கோவையில் பொறியியல் முதலாமாண்டு படிக்கிறேன், விடுதி வாசம். ஏழு வாரம் ஆகிவிட்டது. எல்லோரிடமும் பேசுகிறேன், ஆனால் எனக்கென்று ஒருத்தி இல்லை. வெள்ளிக்கிழமை எப்போது வரும், காந்திபுரத்தில் பஸ் ஏறலாம் என்றே இருக்கிறது. எனக்குப் பழகத் தெரியவில்லையா?
– மாணவி, கோபி

பதில்: பழகத் தெரிகிறது, நேரம்தான் பத்தவில்லை. அமெரிக்காவின் கான்சாஸ் பல்கலைக்கழகப் பேராசிரியர் ஜெஃப்ரி ஹால் 2018இல் ஓர் ஆய்வு வெளியிட்டார். தெரிந்த முகம் சாதாரண சிநேகிதமாக சுமார் 50 மணி நேரம், நண்பர் என்று சொல்லிக்கொள்ள 90, நெருங்கிய நட்புக்கு 200க்கும் மேல் என்று அதில் வந்தது. ஒரே வகுப்பில் உட்கார்ந்திருந்த நேரம் அதில் பெரிதாக உதவவில்லை. வெட்டிப்பேச்சும் விளையாட்டும்தான் உதவின.

இப்போது உங்கள் வாரத்தைப் பாருங்கள். காலைச் சாப்பாடு 15 நிமிடம், ஐந்து நாள். இரவுச் சாப்பாடு 25 நிமிடம், வெள்ளி ராத்திரி வீட்டில் என்பதால் நான்கு நாள். மொத்தம் 175 நிமிடம், மூன்று மணி நேரம்கூட இல்லை. ஏழு வாரத்துக்கு இருபது மணி நேரம் தேறும். தினமும் வேறு வேறு மேஜையில் உட்கார்ந்திருந்தால் அந்த இருபதும் பத்துப் பேருக்குச் சிதறியிருக்கும்.

சனி, ஞாயிறு விடுதியில் தங்கினால் துணி துவைப்பது, கடைக்குப் போவது, கேரம் என்று பத்து மணி நேரம் தானாகச் சேரும். தூத்துக்குடி, ராமநாதபுரத்துப் பிள்ளைகள் அடிக்கடி போய்வர முடியாமல் அங்கேயே கிடப்பார்கள், அதிலேயே ஒட்டிக்கொள்வார்கள். திங்கட்கிழமை அவர்கள் எதையோ நினைத்துச் சிரிக்கும்போது உங்களுக்கு மட்டும் விளங்காது. ஊர் பக்கத்தில் இருப்பதே கொங்குப் பிள்ளைகளுக்கு இடைஞ்சலாகிவிடுவது இப்படித்தான்.

வீட்டுக்குப் போவதை நிறுத்த வேண்டாம், இரண்டு வாரத்துக்கு ஒருமுறை போதும். அடுத்த ஒரு மாதம் இரவுச் சாப்பாட்டுக்கு ஒரே நேரம், ஒரே மேஜை. "ஒரு நாள் சேர்ந்து போலாம்" என்றால் அந்த நாள் வராது. "ஏழரைக்குச் சாப்பிடப் போறேன், வர்றீங்களா?" என்று கேளுங்கள். காதில் இயர்போனை மாட்டிக்கொண்டு அம்மாவிடம் பேசியபடி சாப்பிடுகிறவர் பக்கத்தில் யாரும் உட்கார மாட்டார்கள். அந்த அழைப்பை ஒன்பது மணிக்குத் தள்ளுங்கள்.

ஊரிலிருந்து கச்சாயமோ முறுக்கோ கொண்டுவருவீர்கள். சம்படத்தைக் கட்டிலுக்கடியில் தள்ளிவைத்துத் தினம் இரண்டாகத் தின்றால் பத்து நாள் வரும். ஞாயிறு இரவு வராந்தாவில் திறந்து வைத்தால் பத்து நிமிடத்தில் காலி. அந்தப் பத்து நிமிடத்தில் நாலு அறைக்காரர்கள் உங்கள் பேரைக் கேட்டிருப்பார்கள்.

இன்னொன்று: நம் பக்கத்து "வாங்க, சாப்பிட்டீங்களா" சில ஊர்க்காரர்களுக்கு விலகி நிற்பதாகத் தோன்றும். அவர்கள் இரண்டாம் நாளே "வா, போ" என்பார்கள். "எங்கூர்ல சின்னக் குழந்தையைக்கூட இப்படித்தானுங்க கூப்பிடுவோம்" என்று சிரித்தபடி சொல்லிவைத்துவிடுங்கள்.

கேள்வி: தாராபுரம் பக்கத்திலிருந்து தினமும் போக இரண்டு மணி நேரம், வர இரண்டு மணி நேரம் பஸ். மன்றம், விளையாட்டு எல்லாம் கல்லூரி விட்ட பிறகுதான். எனக்கு எங்கே இடம்?
– மாணவர், தாராபுரம் வட்டம்

பதில்: மதிய உணவு நேரத்தில். 45 நிமிடம் என்றால் வாரத்துக்கு மூன்றே முக்கால் மணி நேரம். மேலே உள்ள விடுதி மாணவியைவிட உங்களுக்குக் கூடுதல்! ஒரு மரத்தடி, அதே நாலு பேர் என்று பிடித்துக்கொள்ளுங்கள்.

அடுத்தது நாட்டு நலப்பணித் திட்டம். ஆண்டுக்கு 120 மணி நேரம், இரண்டு ஆண்டில் 240, அதோடு ஏழு நாள் சிறப்பு முகாம். முகாமில் சேர்ந்து சமைத்து, சேர்ந்து தூங்கி எழுவதால் ஒரே வாரத்தில் ஐம்பது மணி நேரத்தைத் தாண்டிவிடலாம். பல கல்லூரிகளில் ஆண்டின் தொடக்கத்திலேயே பெயர் எழுதிவிடுவார்கள், இந்த வாரமே திட்ட அலுவலரைப் பாருங்கள். அறுபது பேர் கொண்ட வகுப்பு வாட்ஸ்அப் குழுவை நம்பி இருக்காதீர்கள். அது அறிவிப்புப் பலகைதான்.

கேள்வி: மகன் தினமும் இரவு போன் செய்து, "ஊருக்கே வந்துடறேன்" என்கிறான். கூட்டி வந்துவிடலாமா?
– தாய், காங்கேயம்

பதில்: உடனே வேண்டாம், அம்மா. அமெரிக்க உளவியலாளர்கள் கிரகரி வால்டன், ஜெஃப்ரி கோஹன் இருவரும் 2011இல் வெளியிட்ட ஆய்வு இதைப் பற்றியதுதான். 'இங்கே எனக்கு இடமில்லை' என்ற நினைப்பு முதலாண்டில் எல்லோருக்கும் வரும், போகப் போகக் குறையும் என்று மூத்த மாணவர்கள் சொன்னதை முதலாண்டு மாணவர்களைப் படிக்கவைத்தார்கள். ஒரு மணி நேர வேலை. அதில் கலந்துகொண்ட கறுப்பின மாணவர்களின் மதிப்பெண் அடுத்த மூன்று ஆண்டுகளில் உயர்ந்தது.

ஆகவே இதை நீங்கள் சொல்வதைவிட, அதே கல்லூரியில் மூன்றாம் ஆண்டு படிக்கும் உங்கள் பக்கத்துப் பையன் ஒருவன் சொன்னால் ஏறும். "நாங்க படாத கஷ்டமா" என்று மட்டும் ஆரம்பிக்காதீர்கள். போனில் "அழுதியா?" என்று கேட்டால் அழத்தான் தோன்றும். "ஏஞ்சாமி, இன்னைக்கு யாரு கூடச் சாப்பிட்டே?" என்று கேளுங்கள். பதிலில் ஒரு பெயர் திரும்பத் திரும்ப வர ஆரம்பித்தால் பயமில்லை.

இரண்டு வாரமாகத் தூக்கமில்லை, சாப்பிடவில்லை, வகுப்புக்கே போகவில்லை என்றால் கல்லூரி மனநல ஆலோசகரைப் பார்க்க வேண்டும். அரசின் மனநல உதவிச் சேவையான டெலிமானஸுக்கு 14416 எண்ணில் எந்நேரமும் இலவசமாகப் பேசலாம். ராகிங் என்று ஒரு வார்த்தை வந்தாலும் "பொறுத்துப் போ" என்று சொல்லிவிடாதீர்கள். தமிழ்நாட்டில் 1997 முதல் அதற்குத் தனிச் சட்டமே இருக்கிறது. புகார் எண் 1800-180-5522.